நூற்று முப்பத்தொன்பதரை

டிசம்பர் 9, செவ்வாய்

இந்த நோட்டு எனக்குத் தண்டனை. அப்பாவின் பற்பசைக் குழாயில் பாதியைப் பிதுக்கிவிட்டு இஞ்சிப்பூண்டு விழுதை ஏற்றினேன். அப்பா இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை, புது மூலிகைப் பற்பசை என்று நினைத்தாராம். மூன்றாம் நாள் அம்மா பல் தேய்த்தாள். தீர்ப்பு வந்துவிட்டது: லீவு முடியும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுத வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வரி என்று தீர்ப்பில் சொல்லவில்லை. அது அம்மாவின் பிழை.

நான் செண்பகவல்லி. வயது பதினாலு. பிறந்தது கோவில்பட்டி, மூன்று வருடமாக வளர்வது தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில், முவான்சா என்ற ஊரில். அப்பா சுத்த சைவம், வேலை மட்டும் மீன் தொழிற்சாலையில். வந்ததும் இரண்டு முறை குளிப்பார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. எங்கள் வீட்டில் ஒருவர் மீனை அறுக்கிறார், ஒருவர் ரத்தத்தைப் பார்க்கிறார், சாப்பிடுவது மட்டும் ரசம் சாதம்.

பின் வீட்டில் கபுலா. பதின்மூன்று வயது, எட்டு வயது சைஸ். அவள் அம்மா ஏரிக்கரைப் பாறையில் பொடிமீன் காயவைத்து விற்கிறாள். ஊரே அவளை ‘மாமா கபுலா’ என்கிறது. இங்கே ‘மாமா’ என்றால் அம்மா. தலைப்பிள்ளை பிறந்ததும் சொந்தப் பேர் போய்விடும், பிள்ளையின் பேர் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கில் என் அம்மா ‘மாமா செண்பகவல்லி’. கோவில்பட்டியில் இருக்கும் என் நிஜ மாமா கேட்டால் மீசை துடிக்கும்.

கபுலா என்றால் மழையில் பிறந்தவள். என் பேரைச் செம்பா என்று சுருக்கிக் கொடுத்தேன். அவள் அதை ‘ஷாம்பா’ ஆக்கிவிட்டாள். இவர்கள் பாஷையில் ஷாம்பா என்றால் வயல். மழையும் வயலும் சேர்ந்தால் சேறுதான் என்கிறார் அப்பா.

டிசம்பர் 13, சனி

இன்று அபார நாள்.

அம்மாவின் ஆஸ்பத்திரி ஆட்கள் தெருமுனைப் பள்ளிக்கூட மைதானத்தில் முகாம் போட்டார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தை வைத்துக் கணக்கிடும் ஆராய்ச்சி. சிறு, நீர், அகம். குட்டித் தண்ணி வீடு. எனக்கு அங்கே வேலை இல்லை, நான் வெளியூர்க்காரி, கணக்கில் சேர்த்தி இல்லை. வேடிக்கை பார்க்கப் போனேன்.

வாசலில் ஒரு கம்பம். அதில் 135 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் சின்னப் பிள்ளைகள் வரிசை, ஊசி போட்டதும் பலூன் தருவார்கள். மேலே இருந்தால் பெரியவர்கள் வரிசை.

கபுலா என் காதில் சொன்னாள், “போன தடவை அம்மை ஊசி போட வந்தப்ப எனக்குப் பலூன் குடுத்துட்டாங்க, ஷாம்பா. பலூன்! மஞ்சக் கலர்!”

“உடைச்சிருக்க வேண்டியதுதான?”

“உடைச்சேன். இன்னொண்ணு குடுத்துட்டாங்க.”

இதை அப்படியே விட முடியுமா? நல்லவேளையாக அவள் தலையில் ஜடை இருந்தது. இங்கே சர்க்கார் பள்ளிக்கூடம் நடக்கும்போது பெண் பிள்ளைகளும் தலையை ஒட்ட வழிக்க வேண்டும், என் பள்ளியில் அந்தச் சட்டம் இல்லை. கபுலா ஏழாம் வகுப்புப் பெரிய பரீட்சையை செப்டம்பரில் முடித்துவிட்டாள், மூன்று மாதமாக வளர்த்த முடியில் கடையில் வாங்கிய முடியைச் சேர்த்து நீள நீளமாகப் பின்னியிருக்கிறாள். வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்தை இன்னொரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, அந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். கபுலாவின் உச்சந்தலையில் கவிழ்த்து, ஜடைகளை அதன்மேல் பாம்புபோலச் சுற்றிக் கட்டினேன். கிரீடம்!

அளக்கிற எலியா அண்ணன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். பலகையை இறக்கினான். ‘டங்’ என்றது. கபுலா அவசரமாக இருமினாள்.

“நூத்தி முப்பத்தொன்பதரை!” என்று எலியா கத்தினான். முகாம் தாளிலும் அட்டையிலும் எழுதி, அட்டையை அவள் கையில் கொடுத்தான்.

ஒட்டகச்சிவிங்கி மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு பெரியவர்கள் வரிசைக்குப் போனாள். ரத்தம் எடுக்கும்போதுகூடச் சிரித்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா: “ஏட்டி, வெந்தயக் கிண்ணம் எங்க?” நான்: “எந்தயக் கிண்ணம்?” முதுகில் ஒன்று விழுந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

கபுலாவுக்கு இன்று புதுப் பேர் வைத்தேன்: பூரி. காலையில் வரும்போது முகம் உப்பி, கண் இரண்டும் கோடாக இருக்கிறது. மத்தியானத்துக்குள் சப்பாத்தியாகிவிடுகிறாள். பூரிக்கு அர்த்தம் சொன்னேன், சப்பாத்தி இங்கேயும் சப்பாத்திதான். “சாயங்காலம் என்ன ஆவேன்?” என்று கேட்டாள். “அப்பளம்” என்றேன்.

கிண்ணத்தைத் திருப்பித் தர மாட்டாளாம். அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள். பானைக்கும் வாய்க்கும் நடந்துகொண்டே இருக்கிறாள், பிறகு பின்கட்டுக்கும் வீட்டுக்கும். “பேரு மழைன்னா இப்படியா பெய்யிறது?” என்றேன். துரத்தினாள். பாறை உச்சிக்குப் பந்தயம் வைத்தோம். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தோற்கப் போகும்போது உட்கார்ந்துகொள்வது அவள் தந்திரம்.

ஜனவரி 5, திங்கள்

முகாம் ரிசல்ட் வந்தது. சிறுநீரகக் கணக்கு 60க்குக் கீழே இருந்தால் ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் நாலு பேருக்கு அழைப்பு. கபுலாவின் அட்டையில் எல்லா எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள்: 62, அழைப்பில்லை. மாமா கபுலா சந்தோஷத்தில் எங்களுக்கு ஒரு தட்டு வாழைக்காய் வறுத்துக் கொண்டுவந்தாள். அதே எண்ணெயில் மீன் பொரித்தாளா என்று அப்பா கேட்கவில்லை. கேட்காமலே சாப்பிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

நாளை மறுநாள் உயர்நிலைப் பள்ளி திறப்பதால் கபுலாவின் தலையை வழித்தார்கள். மாமா கபுலா பிளேடால் இழுக்க இழுக்க, ஜடை ஜடையாக மடியில் விழுந்தது. ஒன்றையும் எறியவில்லை, துணியில் முடிந்து வைத்தாள், அடுத்த லீவுக்கு ஆகுமாம். வழித்து முடித்ததும் கபுலாவைக் காணவில்லை. அவள் இடத்தில் யாரோ சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்தாள். பாவாடை தரையைப் பெருக்கியது.

“வளர்ந்துருவேன்” என்றாள்.

சுவரில் முகாம் அட்டையை ஆணியடித்து மாட்டியிருக்கிறாள், 139.5 தெரியும்படி.

ஜனவரி 17, சனி

லீவு முடிந்தது, தண்டனையும் முடிந்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மா லேப் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘கிரியாட்டினின்’ என்று ஒரு வரிசை.

“யாரும்மா அந்தக் கிரி? எதை ஆட்டினான்?”

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். “ஏட்டி, அது சதையில இருந்து ரத்தத்துல விழுற கழிவு. கிட்னி அதை வெளிய தள்ளணும். தள்ளலைன்னா ரத்தத்துல ஏறும். ஆனா வளர்ந்த பிள்ளைக்குச் சதை ஜாஸ்தி, கழிவும் ஜாஸ்தி. அதனால ரத்தத்தை மட்டும் பாத்தாப் பத்தாது. உயரத்தைப் புள்ளி நாலு ஒண்ணு மூணால பெருக்கி, கிரியாட்டினினால வகுக்கணும். அப்பத்தான் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும்.”

“உயரமா?”

“உயரந்தான். ஏன்?”

“சும்மா.”

பின்கட்டுக்குப் போனேன். எங்கள் சுவரில் நானும் கபுலாவும் கரியால் கோடு போட்டு உயரம் குறித்திருக்கிறோம். கபுலா: 131. அவள் அட்டையில் கிரியாட்டினின் 0.93, அது எனக்கு மனப்பாடம். 139.5 போட்டால் 62. 131 போட்டால் 58.

கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டேன். அப்புறம் கையால் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் தப்பு விடுவேன், இன்று விடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

நாலு எண்தானே வித்தியாசம். நாலு மார்க் குறைந்ததற்கு எந்த டீச்சராவது என்னைக் கூப்பிட்டிருக்கிறார்களா?

ஜனவரி 24, சனி

அம்மா குளிக்கப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாஸ்வேர்டு என் பேரும் பிறந்த வருடமும், அம்மாவுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கபுலாவின் வரிசையைத் தேடினேன். 139.5ஐ அழித்து 131 என்று அடித்தேன். பக்கத்துக் கட்டம் தானே 58 ஆகிச் சிவப்பானது. இனி அழைப்பு தானாகப் போகும். யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம்.

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையை எழுதித் திருட்டுத்தனம் செய்திருக்கிறேன்.

ஜனவரி 28, புதன்

மாட்டிக்கொண்டது நான் இல்லை, எண். அம்மா எல்லாவற்றையும் தாளோடு வைத்து இரண்டாம் தடவை சரிபார்ப்பாளாம், எனக்கு அது தெரியாது. தாளில் 139.5, கம்ப்யூட்டரில் 131. தாள்தான் சாட்சி என்று மறுபடி 139.5 ஆக்கிவிட்டாள். கட்டம் வெள்ளையாகிவிட்டது.

எலியாதான் கை தவறி அடித்திருப்பான் என்று டாக்டர் அவனை நிற்கவைத்துத் திட்டினாராம். அம்மா சாப்பிடும்போது சொன்னாள், “கணக்குல கை வைக்கிறது பிள்ளை மேல கை வைக்கிற மாதிரி. அந்தப் பயலுக்கு அது புரியல.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன். ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கபுலாவிடம் சொன்னேன். கணக்கையும் மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுக் காலால் அழித்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாத.”

“இன்னொரு டெஸ்ட் பண்ணுவாங்க, அவ்வளவுதான். ஏதோ சாயத்தை ஊசியில ஏத்தி, எவ்வளவு நேரத்துல உடம்பை விட்டுப் போகுதுன்னு பாப்பாங்க. நாலு மணி நேரம்.”

“சொன்னா அட்டையைத் திருத்துவாங்கல்ல? வகுப்புல எல்லார்கிட்டயும் அட்டையைக் காட்டிட்டேன், ஷாம்பா. தலை வழிச்சதால குட்டையாத் தெரியுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். குடுத்துட்டு இப்ப திருப்பி வாங்குறியா?”

“பூரி, உன் மூஞ்சியைக் கண்ணாடில பாத்தியா?”

“பாத்தேன். குண்டாயிட்டேன். நல்லாத்தான் இருக்கு.”

அவள் கணுக்காலில் என் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. “பாரு, மாவு மாதிரி” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தது நிஜம்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. துணி மடித்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் கபுலா வீட்டு வாசல் தெரியும். மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. மலேரியா என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் மலேரியாதான். நல்லது. மலேரியாவாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

கபுலாவுக்குப் பள்ளியில் வலிப்பு வந்துவிட்டது. தலைவலி என்று போர்வை கேட்டாளாம். போர்வை கொண்டு வருவதற்குள்.

பிப்ரவரி 20, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். நான் கிண்ணம், ஜடை, டங், 139.5, கம்ப்யூட்டர், எலியா எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகத்தான் சொன்னேன். அடிப்பாள் என்று முதுகைக் காட்டி நின்றேன். அவள் பையில் அளவுநாடாவைப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

வாசலில் நின்று, “எலியா அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லணும்” என்றாள். அவ்வளவுதான்.

சொன்னேன். எலியா காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு முழுவதும் கேட்டான். “டங்னு ஒரு சத்தம் எனக்கும் கேட்டுச்சு” என்றான்.

பிப்ரவரி 27, வெள்ளி

கபுலாவை ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்து அளந்தார்கள். 131. எங்கள் சுவரில் கோடு போட்டதிலிருந்து ஒரு நூல்கூட வளரவில்லை. கிரியாட்டினின் 4.1. கணக்குப்படி 13. சாயம் ஏற்றிப் பார்த்தார்கள், நிஜத்தில் 8.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காரவில்லை. அம்மாவிடம் கேட்டேன், “ஏம்மா கணக்கு ஒண்ணு சொல்லுது, சாயம் ஒண்ணு சொல்லுது?”

“அது வேற தேசத்துப் பிள்ளைகளை அளந்து போட்ட கணக்கு. நல்லாத் தின்னு வளர்ந்த பிள்ளைங்க. இதுக உடம்புல சதையே இல்லையே. சதை இல்லைன்னா கிரியாட்டினினும் இல்ல. உள்ள கிட்னி போய்க்கிட்டே இருக்கும், தாளு நல்லாருக்குன்னு சொல்லும். எவ்வளவு தப்பாச் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே.”

“அப்ப 62ம் பொய், 58ம் பொய்?”

“ரெண்டும் பொய்.”

எனக்கு மூச்சு வந்தது. “அப்ப என்னால இல்ல.”

அம்மா தண்ணீர்ச் சொம்பைத் திருப்பி வைத்தாள். பொய் சொல்லத் தெரியாதவளைத் தாயாகப் பெறுவது ஒரு கஷ்டம்.

“58ன்னா கூப்பிட்டிருப்போம்” என்றாள். “கூப்பிட்டுச் சாயம் ஏத்தியிருந்தா நிஜம் தெரிஞ்சிருக்கும். பிரஷருக்கு மாத்திரை குடுத்து, உப்பைக் குறைச்சு... எத்தனை நாள் தள்ளியிருக்கும்னு யாரும் சொல்ல முடியாதுட்டி. கூப்பிட்டிருப்போம். அது மட்டும் எனக்குத் தெரியும்.”

மார்ச் 6, வெள்ளி

ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் மெஷின் இருக்கிறது. கபுலா சைஸ் பிள்ளைக்குச் செய்வது ஒரு நாள் பஸ் தூரத்தில். வாரம் மூன்று தடவை. அங்கேயே குடியிருக்க வேண்டும்.

மாமா கபுலா டாக்டரிடம் கேட்டாள், “எத்தனை வாரத்துக்கு?”

“எப்பவுமே.”

“இல்ல, எப்ப முடியும்னு கேக்குறேன்.”

டாக்டர் மறுபடி அதையே சொன்னார். மாமா கபுலாவுக்கு இன்னும் மூன்று குழந்தைகள், கடைக்குட்டி அவள் முதுகில் இருந்தது. அதைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

தினமும் போகிறேன். இன்று தெருவில் அவித்த முட்டை வாங்கி, அதில் முகம் வரைந்து கொண்டுபோனேன். ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

“எதைத் தின்னாலும் உன் கிண்ணத்தை நக்குற மாதிரி இருக்கு, ஷாம்பா. வாயெல்லாம் இரும்பு.”

“அது எவர்சில்வர். கோவில்பட்டில வாங்கினது. மரியாதையா நக்கு.”

சிரித்தாள், சிரித்ததும் வாந்தி எடுத்தாள், துடைத்துவிட்டேன். எப்போதும் சொறிந்துகொண்டே இருக்கிறாள். முதுகில் எட்டாத இடத்தை நான் சொறிகிறேன். அதற்கும் ஒரு பேர் வைக்க வேண்டும் என்று யோசித்தேன். வரவில்லை.

அம்மாவும் வந்தாள். சுவர் அட்டையைப் பார்த்து, “இதைச் சரியா எழுதித் தரவா கண்ணு?” என்று கேட்டாள். கபுலா தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்று. மாமா கபுலாவுக்குக் கிண்ணம் விஷயம் இன்னும் தெரியாது. கபுலா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அழுத்தி.

ஏப்ரல் 4, சனி

பெருமழைக் காலம் தொடங்கிவிட்டது. ஏரி எது, வானம் எது என்று தெரியவில்லை. கபுலா பெரும்பாலும் தூங்குகிறாள். கூப்பிட்டால் ‘ம்’ என்கிறாள். பூரி என்று கூப்பிட்டாலும் ‘ம்’தான்.

ஏப்ரல் 8, புதன்

காலையில்.

ஏப்ரல் 9, வியாழன்

இங்கே துக்கம் கேட்க ‘போலே’ என்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் ‘போலே, போலே’ என்கிறார்கள். எதைப் போலே என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு அம்மா என்னை அழைத்துப் போனாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. நானும் குட்டைதான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அம்மா வடை சுடவில்லை, அப்பா கேட்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் மாமா கபுலா வந்தாள். பேர் இனியும் அதுதான், மாற்ற மாட்டார்களாம். இரண்டு கையிலும் எங்கள் வெந்தயக் கிண்ணத்தை ஏந்தியிருந்தாள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று விளிம்புவரை கருவாட்டுப் பொடிமீன் போட்டிருந்தாள். எங்கள் சமையலறைக்குள் மீன் வந்ததே இல்லை. அம்மா அதை வாங்கி மேடைமேல் வைத்தாள்.

“உங்க வீட்டுதுன்னு கபுலா சொன்னா. எப்படி வந்துச்சுன்னு சொல்லல” என்றாள் மாமா கபுலா. தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முதுகுக் குழந்தையை ஆட்டினாள். பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள்.

“தச்சர் அளவு கேட்டாரு. எனக்கு அவளை அளக்க மனசு வரல. செவுத்துல இருந்த உங்க ஆஸ்பத்திரி அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டேன். படிச்சவங்க அளந்தது, சரியா இருக்கும்னு. பெட்டி நீளமா வந்துருச்சு. காலடியில இவ்வளவு இடம்.” கையை விரித்துக் காட்டினாள். “தூக்கும்போது உள்ள நழுவுவாளேன்னு அவ ஜடையை எல்லாம் சுருட்டி அங்க வச்சேன். அடுத்த லீவுக்குன்னு எடுத்து வச்சிருந்ததை. அந்தத் தச்சரைக் கண்டபடி பேசிட்டேன். பாவி, ஒரு பிள்ளைப் பெட்டியை ஒழுங்கா அளந்து செய்யத் தெரியலையேன்னு.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தச்சர் மேல தப்பில்ல, மாமா கபுலா” என்றேன்.

“பின்ன யாரு மேல?”

எழுந்து போனேன். கிண்ணத்திலிருந்த மீனைத் தட்டில் கொட்டினேன். கிண்ணத்தை என் உச்சந்தலையில் கவிழ்த்து, என் ஜடையைத் தூக்கி அதன்மேல் சுற்றிக்கொண்டு, மாமா கபுலாவின் எதிரில் வந்து சுவரோடு நிமிர்ந்து நின்றேன்.

முதலில் அவள் சிரித்தாள். நான் எப்போதும்போல ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.